செவீயாவின் புனித வாரப் பவனி: ஐரோப்பாவில் படிக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கோட்டாறு சவேரியார் தேர்பவனி, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் புறப்படும் சாமி விக்கிரகங்களின் ஊர்வலம் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூட்டத்தில் நிற்பது புதிதில்லை. ஆனால் ஸ்பெயினின் செவீயா நகரத்தில் அந்தப் பழக்கத்தில் பாதிதான் கைகொடுக்கும். சுசீந்திரத்தில் தேர்வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பிடித்து இழுக்கத்தான் கூப்பிடுகிறார்கள். செவீயாவில் அப்படி இல்லை. பவனியில் வருகிறவர்கள் ஆண்டு முழுவதும் அந்தந்தப் பக்தசபையில் உறுப்பினராக இருந்து, ஒறுத்தல் முயற்சியாக நடந்து வருகிறவர்கள். பார்க்க வந்தவர் ஓரமாக நிற்க வேண்டியதுதான். எங்கே நிற்பது, எப்போது நிற்பது, எப்போது நகர்வது என்று தெரிந்துவிட்டால் அந்த ஓரமே போதும்.

குருத்தோலை ஞாயிறு முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை ஏறத்தாழ 60 பக்தசபைகள் தங்கள் கோயிலிலிருந்து புறப்பட்டு, பேராலயத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, மறுபடி தங்கள் கோயிலுக்குத் திரும்புகின்றன. முதன்முறை போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்து, எதையுமே சரியாகப் பார்க்காமல் கால் வலியோடு திரும்புகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பவனியை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். வழியில் இன்னொன்று கிடைத்தால் அது உபரி.

தேதியும் தாள்களும்

உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027-இல் குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. 2028-இல் ஏப்ரல் 9, ஏப்ரல் 16. 2027-க்கு ஒரு விஷயம் கூடுதலாக நினைவிருக்கட்டும்: மார்ச் 28 அதிகாலையில்தான் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். ஸ்பெயினில் இரண்டு மணி ஆனதும் மூன்று மணியாகிவிடும். அன்று காலை ரயிலோ விமானமோ வைத்திருப்பவர்களுக்குத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறையும்.

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி போன்ற ஷெங்கன் நாடுகளில் மாணவர் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்கள் தனி விசா இல்லாமலே ஸ்பெயினுக்குப் போகலாம். 180 நாளில் 90 நாள் என்பது வரம்பு. பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, தற்காலிகத் தாளை மட்டும் வைத்திருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே குடியேற்ற அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் படிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி 15 நாளில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஈஸ்டர் நேரத்தில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

தங்குமிடம்

இதில்தான் பணம் போகும். புனித வாரத்தில் செவீயாவின் விடுதிக் கட்டணம் எங்கேயோ ஏறிவிடும். மலிவான வழி கோர்தோபாவில் தங்குவது. அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் ராத்திரி திரும்ப ரயில் இருக்காது. ஆகவே மாலைப் பவனி பார்க்கும் நாட்களுக்குக் கோர்தோபா சரி, பெரிய வியாழன் இரவுக்குச் சரிவராது. அந்த ஓர் இரவுக்கு அறை கிடைக்காவிட்டாலும் பயப்பட வேண்டாம். வியாழன் மதியம் சாந்தா ஹுஸ்தா ரயில் நிலையத்தில் இறங்கி, அங்குள்ள பொருள் காப்பறையில் பெட்டியை வைத்துவிட்டு, இரவைத் தெருவிலேயே கழித்து வெள்ளி பிற்பகல் கிளம்புகிறவர்கள் உண்டு. காப்பறை எத்தனை மணிக்கு மூடித் திறக்கும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரப் பெட்டியோடு பழைய நகரத்துக்குள் நுழைவது நடக்காத காரியம்.

நகரத்துக்குள் அறை எடுப்பதானால், முன்பதிவு செய்யும்முன் வரைபடத்தில் ஒரு கோட்டைப் பாருங்கள். எல்லாப் பவனிகளும் கடைசியில் சேரும் பொதுப் பாதை ஒன்று உண்டு. கர்ரேரா ஒஃபிஸியால் என்பார்கள். லா காம்பானா என்ற இடத்தில் தொடங்கி, சியெர்ப்பெஸ் தெரு, சான் ஃபிரான்சிஸ்கோ சதுக்கம், கான்ஸ்டிடுஸியோன் சாலை வழியாகப் பேராலயத்துக்குப் போகும். இதன் இருபுறமும் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் ஆண்டுச் சந்தாதாரர்களுக்கு உரியவை. மாலையில் இந்தப் பாதை நகரத்தை இரண்டாக வெட்டிவிடும். காவலர்கள் விடும் சில இடங்களில், அவர்கள் விடும்போதுதான் கடக்க முடியும். அறை ஒரு புறமும் பார்க்கப் போகும் பவனி மறுபுறமும் இருந்தால் பத்து நிமிட நடை ஒரு மணி நேரமாகும்.

பவனி எப்படி வரும்

முதல் நாள் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘காம்பானா, 7 மணி’ என்று போட்டிருக்கும். ஏழு மணிக்குப் போய் நின்றால் தெரிவது ஒரு சிலுவை மட்டுமே. அதன் பின்னால் கூம்பு முகமூடி அணிந்தவர்கள் மெழுகுதிரி பிடித்து வந்துகொண்டே இருப்பார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் சொரூபம் வராது. ‘இவ்வளவுதானா’ என்று கிளம்பி இரண்டு தெரு தாண்டியதும் பின்னால் பேண்ட் சத்தம் கேட்கும். நிரலில் இருக்கும் நேரம் வழிகாட்டிச் சிலுவை வரும் நேரம்; சொரூபம் வரும் நேரம் அதுவன்று. பெரிய பக்தசபைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் நடப்பதால் ஓரிடத்தை முழுப் பவனியும் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் வழிகாட்டிச் சிலுவை. அதன்பின் இருபுறமும் வரிசையாக நஸரேனோக்கள். நீண்ட அங்கி, கூம்பு முகமூடி, கையில் உயரமான மெழுகுதிரி. இடையிடையே கொடிகளும் சபைச் சின்னங்களும். தூபம் மணக்கத் தொடங்கினால் சொரூபம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டிய நேரம் அது. அடுத்து இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாசோ. பாசோ என்பது சொரூபங்களைச் சுமக்கும் பெரிய மரப்பீடம். அதன் பின்னால் பேண்டு, அதற்கும் பின்னால் தோளில் சிலுவை சுமந்து வரும் தவத்தோர். கோட்டாற்றில் தேருக்குப் பின்னால் உருண்டு கும்பிட்டு வருகிறவர்களுக்கு எப்படி வழிவிட்டு நிற்போமோ, அதே மரியாதை இவர்களுக்கும் வேண்டும். பாசோ போனதும் தெருவில் இறங்கி இவர்களுக்குக் குறுக்கே நடப்பதுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. மீண்டும் நஸரேனோ வரிசை, மீண்டும் தூபம், பிறகு மாதாவின் பாசோ. பெரும்பாலும் பன்னிரண்டு வெள்ளித் தண்டுகள் தாங்கும் விதானத்தின் கீழ், அடுக்கடுக்கான மெழுகுதிரிகளுக்குப் பின்னால் வியாகுல மாதா நிற்பாள். முன்னாலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கடந்துபோனதும் பின்னால் தொங்கும் தங்க இழைப் போர்வையையும் பாருங்கள்.

பாசோவுக்குச் சக்கரம் கிடையாது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளதை நாற்பது பேர் அளவில் உள்ளே புகுந்து சுமக்கிறார்கள். கொஸ்தலேரோக்கள் என்று அவர்களுக்குப் பெயர். நம் சப்பரத்தைப் போல் தோளில் அல்ல. கழுத்தும் முதுகும் சேரும் எலும்பின் மேல், சாக்குத் துணி கட்டிச் சும்மாடு வைத்துச் சுமக்கிறார்கள். சுற்றிலும் திரை தொங்குவதால் அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னால் நடந்து அவர்களை வழிநடத்தும் காபாதாஸ் என்பவர் சொல்லும் சொல்தான் கண். பீடத்தின் முகப்பில் ஓர் உலோகச் சுத்தி இருக்கும். பாசோ தரையில் நிற்கும்போது அவர் அதைத் தட்டுவார். உள்ளே எல்லாரும் தயாராவார்கள். இரண்டு வார்த்தை பேசுவார். யாருக்காகத் தூக்குகிறோம் என்று சில வேளை சொல்வார். கடைசித் தட்டு விழுந்ததும் நாற்பது பேரும் ஒரே நொடியில் எழும்ப, பீடம் துள்ளி மேலே போகும். மெழுகுதிரித் தண்டுகள் கிலுங்கும், விதானத்தின் குஞ்சங்கள் தண்டுகளில் மோதும், கூட்டம் கைதட்டும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை இப்படி இறக்கித் தூக்குவதால், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் பார்க்கலாம். சொரூபம் கடந்து போவதை விட இந்தத் தூக்கலைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் உண்மையில் பவனியைப் பார்ப்பது.

எங்கே நிற்பது

கோயில் வாசலில் புறப்பாடு பார்ப்பதுதான் முதலில் தோன்றும். புகழ்பெற்ற பக்தசபைகளுக்கு அது வேண்டாம். பல மணி நேரம் முன்பே வாசல் நிறைந்து, நடுவில் மாட்டிக்கொண்டால் வெளியே வரவும் முடியாது. பேராலயத்திலிருந்து கோயிலுக்குத் திரும்பும் வழிதான் புதியவர்களுக்கு ஏற்றது. கூட்டம் குறைந்திருக்கும், இருட்டில் மெழுகுதிரி வெளிச்சம் நன்றாகத் தெரியும். தெரு திரும்பும் முனையைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய முனையில் பாசோவைத் திருப்ப நேரம் எடுக்கும். காபாதாஸின் குரல் ஒவ்வொன்றும் கேட்கும். முனையின் உட்புறத்தில் மட்டும் நிற்காதீர்கள். பீடத்தின் மூலை சுவரை உரசிக்கொண்டு வரும் இடம் அது, காவலர்கள் நகர்த்திவிடுவார்கள்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போனால் பெரும்பாலான தெருக்களில் இடம் கிடைக்கும். மடக்கு நாற்காலி கொண்டுபோக வேண்டாம். நெரிசலில் அது தடுக்கிப் பலர் விழுவார்கள், காவலர்களும் எடுக்கச் சொல்வார்கள். வரிசையைக் கடக்கவே வேண்டுமென்றால், நஸரேனோக்கள் நின்றுகொண்டிருக்கும்போது, கோல் பிடித்து வருகிறவரைப் பார்த்து ‘பெர்மீசோ’ என்று கேட்டுவிட்டு, குனிந்து விரைவாகக் கடக்கலாம். பாசோவுக்கு முன்னால் ஒருபோதும் கடக்காதீர்கள்.

எந்த நாள் எதைப் பார்ப்பது

குருத்தோலை ஞாயிறு மதியம் லா பாஸ் பக்தசபை மரியா லூயிசா பூங்காவுக்குள் வரும். வெள்ளை அங்கி, அகலமான பாதை, மர நிழல். முதல் பவனிக்கு இதைவிட நல்ல இடமில்லை.

மாணவர்கள் தவறவிடக் கூடாதது செவ்வாய்க்கிழமை. லோஸ் எஸ்துதியாந்தெஸ், அதாவது மாணவர்களின் பக்தசபை, செவீயா பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடத்திலிருந்தே புறப்படுகிறது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அரசுப் புகையிலை ஆலை. சிலுவையில் உயிர்விட்ட கிறிஸ்துவின் அந்தச் சொரூபத்தை 1620-இல் செதுக்கியவர் ஹுவான் தெ மேசா. அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு சொரூபம்தான் வியாழன் இரவில் வரும் கிரான் போதெர். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க முடிவது இந்த ஊரில் மட்டும்தான்.

பெரிய வெள்ளி மாலை எல் கச்சோர்ரோ பவனி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திரியானா பேட்டையிலிருந்து பாலம் தாண்டி வரும். சனிக்கிழமைப் பவனிகள் குறைவு. களைத்தவர்கள் அன்று ஓய்வெடுக்கலாம்.

பார்க்க நினைத்த பவனி எதுவானாலும் அன்று காலையில் அதன் கோயிலுக்குப் போய் வாருங்கள். பல கோயில்களில் அலங்கரித்த பாசோக்களைக் காலையில் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பார்கள். மரவேலை, பூக்கள், சொரூபத்தின் கண்ணாடிக் கண்ணீர் எல்லாவற்றையும் ஓர் அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். ராத்திரி தெருவில் அது கிடைக்காது. நம் ஊர்க் கோயில்களில் செய்வதுபோல் செருப்பைக் கழற்ற வேண்டாம். தொப்பியைக் கழற்றினால் போதும். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வியாழன் இரவு

பெரிய வியாழன் நள்ளிரவிலிருந்து வெள்ளி மதியம் வரையான நேரத்தை மத்ருகா என்பார்கள். ஆறு பக்தசபைகள் வரும். எல் சிலென்சியோ, கிரான் போதெர், எல் கால்பாரியோ மூன்றும் அமைதிப் பவனிகள். பேண்டு கிடையாது, ஆயிரம் பேர் நிற்கும் தெருவில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். மகரேனா, எஸ்பெரான்சா தெ திரியானா, லோஸ் ஹிதானோஸ் மூன்றும் இசையும் கைதட்டலுமாக வரும். அமைதிப் பவனியில் ஒரு கிசுகிசு கூட வேண்டாம், கைப்பேசியை ஒலியில்லாமல் வையுங்கள்.

எல்லாரும் இரவு முழுவதும் விழித்துத் திரிய வேண்டும் என்பதில்லை. உடம்பு தாங்கக்கூடிய திட்டம் ஒன்று உண்டு. இரவு ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஓர் அமைதிப் பவனியைப் பாருங்கள். போய்ப் படுத்துவிட்டு, வெள்ளி காலை எட்டு மணிக்கு மேல் மகரேனா பகுதிக்கோ திரியானா பாலத்துக்கோ போங்கள். இரவெல்லாம் நடந்த மாதா சொரூபங்கள் பகல் வெளிச்சத்தில் தங்கள் பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். உருகிச் சரிந்த மெழுகுதிரிகளும், இரவு முழுக்க நடந்தவர்களின் களைப்பும், சொந்தத் தெருக்காரர்களின் வரவேற்பும் ஒன்றாகத் தெரியும் நேரம் அதுதான்.

இந்த இரவில் ஓர் ஆபத்து உண்டு. அதைத் தெரிந்துவைத்துப் போக வேண்டும். 2000-இலும் 2017-இலும் மத்ருகா இரவில் திடீரென்று கூட்டம் பீதியில் ஓடிப் பலர் காயமடைந்தார்கள். குறுகிய தெருவில் ஒரு சத்தம் கேட்டு நாலு பேர் ஓடினால், காரணம் தெரியாமலே நூறு பேர் ஓடுவார்கள். அப்படி ஏதும் நடந்தால் கூடவே ஓடாதீர்கள். பக்கத்து வாசல்படிக்குள் ஒதுங்கி, சுவரோடு ஒட்டி, முகத்துக்கு முன் கையை மடக்கி வைத்து நில்லுங்கள். நிற்கத் தொடங்கும்போதே பக்கத்தில் ஒதுங்க எந்த வாசல் இருக்கிறது, வெளியேற எந்தச் சந்து இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு அடிக்கடி போகும். நண்பர்களோடு போனால் பிரிந்தபின் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அவசர எண் 112.

மழை

மழை வந்தால் பவனி இல்லை. நானூறு ஆண்டுப் பழைய மரச்சொரூபமும் தங்க இழைத் துணியும் நனையக் கூடாது என்பதால், தூறல் வரும் என்றாலே பொறுப்பாளர்கள் கூடி முடிவெடுப்பார்கள். முதலில் அரை மணி நேரம் தள்ளிப்போடுவார்கள், பிறகு அறிவிப்பார்கள். 2024-இல் மத்ருகா இரவின் ஆறு பவனிகளும் நின்றுபோயின. அப்படியானால் விடுதிக்குத் திரும்பாதீர்கள். பல கோயில்கள் கதவைத் திறந்து பாசோக்களைப் பார்க்க விடும். புறப்பட முடியாமல் அழும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அங்கே பார்ப்பீர்கள். படம் எடுக்க வேண்டாம். நடுவழியில் மழை பிடித்தால் பவனி பக்கத்துக் கோயிலுக்குள் ஒதுங்கும், அல்லது வேகமாகத் திரும்பும். அப்போது காவலர் சொல்லும் முன்பே தெருவைக் காலி செய்யுங்கள்.

கையில் என்ன, நடத்தை எப்படி

பகலில் 20 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும், பின்னிரவில் 10-ஐ ஒட்டி இறங்கும். குமரி உடம்புக்கு அந்தக் குளிர் கடுமை. மெல்லிய ஜாக்கெட் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். தண்ணீர், பவர் பேங்க், முன்புறம் மாட்டும் சின்னப் பை போதும். பிக்பாக்கெட்காரர்களும் பவனிக்கு வருவார்கள். கழிப்பறைக்கு காபிக் கடைதான் வழி. ஒரு காபி வாங்கிவிட்டுப் போங்கள். வியாழனும் வெள்ளியும் விடுமுறை என்பதால் சூப்பர் மார்க்கெட் வேலையைப் புதனே முடிக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்யும் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ் தவக்காலத்தில் எங்கும் கிடைக்கும். ரொட்டியைப் பாலிலோ திராட்சை ரசத்திலோ ஊறவைத்து, பொரித்து, தேன் ஊற்றும் தொர்ரிஹாவையும் விடாதீர்கள். எதில் ஊறவைத்தது என்று கேட்டு வாங்கலாம்.

கூம்பு முகமூடியைப் பார்த்து அமெரிக்க நிறவெறிக் கும்பலை நினைத்துப் பதற வேண்டாம். அவர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தவம் செய்கிறவர் யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக முகத்தை மூடுகிறார்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போடும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள், அம்மா பயப்பட மாட்டார். நஸரேனோவிடம் பேச்சுக் கொடுக்கவோ, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கவோ வேண்டாம். ஃபிளாஷ் போடாதீர்கள். மாடத்திலிருந்து யாராவது சாயேத்தா என்னும் ஒற்றைக் குரல் பாட்டைத் தொடங்கினால் பாசோ நிற்கும், தெருவே அடங்கும். பாடி முடியும்வரை பேசாமல் நில்லுங்கள்.

குழந்தைகள் நஸரேனோக்களின் மெழுகுதிரியிலிருந்து சொட்டும் மெழுகை உருண்டையாகச் சேர்ப்பார்கள். அவர்களுக்கு முன்வரிசையை விட்டுக்கொடுங்கள். அதே மெழுகு தெருவெல்லாம் படிந்து வழுக்கும். அடி தேய்ந்த செருப்போ ஷூவோ போட்டுப் போனால் இறக்கமான தெருவில் விழுவது உறுதி. துணியில் சொட்டினால் சூட்டோடு துடைக்காதீர்கள், பரவும். இறுகியதும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரி போட்டால் மீதி மெழுகு காகிதத்தில் ஏறிவிடும்.